முதலில் ‘துரோகி’ என்று எழுதுங்கள்

போன கிழமை ரிஸ்னா தொலைபேசியில் அழைத்தாள். மெல்பேர்ணின் மேற்குப் பக்கத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் நிறுவனமொன்றில் பம்பு நிலையங்களைப் பார்க்கும் பொறியியலாளர் அவள். நான் ஓய்வு பெற்ற பிறகு என்னுடைய கதிரையில் இருப்பவள். ஊர் அக்கரைப்பற்று. ‘ஹலோ’ சொன்ன விதத்திலேயே சூடு தெரிந்தது.

“அக்கா, இந்தக் கூத்தக் கேளுங்களேன். இனி வேலைக்கு ஆள் எடுக்க நாம ஒருத்தரும் இரிக்கத் தேவல்லையாம். வாற ஆள் கம்ப்யூட்டரப் பார்த்துக் கதைக்கணுமாம். மறுகா, அவர்ட பழைய மனேஜருக்கு ஒரு லிங்க் போகுமாம். அவர் அஞ்சு நட்சத்திரமோ மூணு நட்சத்திரமோ குத்தி அனுப்பினாச் சரியாம்.”

“அப்ப பழைய மனேஜருக்குக் கோல் எடுத்துக் கதைக்கிறேல்லையோ?”

“இல்லக்கா. கோல் எடுக்கிறது நேர விரயமாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நேர விரயமோ? உவையளுக்கு என்ன விசரோ?” என்று கத்திவிட்டேன். குசினியில் நின்ற என் கணவர் எட்டிப் பார்த்து, பிரஷர் குளிசை போட்டாச்சா என்று சைகையால் கேட்டார்.

ரிஸ்னா சிரித்தாள். “ஒலெக் விஷயத்துல நாம எடுத்த கோல நீங்க எழுதணும் அக்கா. இங்க புதுசா வந்த ஆக்களுக்குச் சொன்னா நம்புறாங்க இல்ல.”

அதனால்தான் எழுதுகிறேன். பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். தன்னுடைய பெயரை மாற்றவே கூடாது என்று ரிஸ்னா சண்டை பிடித்தாள். அதையும் மாற்றித்தான் இருக்கிறேன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பேராதனையில் இயந்திரப் பொறியியல் படித்து, ஊரில் சண்டை முற்றிய காலத்தில் இங்கே வந்தவள். முதல் கிடைத்த வேலை முதியோர் இல்லத்துக் குசினியில் தட்டுக் கழுவுவது. நான் ஒரு எஞ்சினியர் என்று சொன்னால் ‘ஓ, லவ்லி’ என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை நீட்டுவார்கள். பிறகு இந்தத் தண்ணீர் நிறுவனத்தில் கடைநிலைத் தொழில்நுட்ப உதவியாளராக நுழைந்து, மெல்ல மெல்ல மேலே வந்து, கடைசி வருடங்களில் ஆள் எடுக்கும் நேர்முகக் குழுவிலும் இருந்தேன்.

குழுவில் நாங்கள் மூன்று பேர். ஆக இளையவள் ரிஸ்னா, தலைவர் கிளென். நெடுத்த மனிதர், விக்டோரியாவின் உள்நாட்டுக் கோதுமைப் பக்கத்தில் வளர்ந்தவர். கதைக்கும்போது உதடு அதிகம் அசையாது. அவரிடம் சில ஒழுங்குகள் இருந்தன. வருபவருக்குத் தண்ணீரை அவர்தான் ஊற்றிக் கொடுப்பார். வேறு யாரையும் ஊற்றவிட மாட்டார். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை, ஒரே குரல். ஒருவருக்குச் சிரித்தபடி கேட்டால் அடுத்தவருக்கும் சிரித்தபடிதான் கேட்க வேண்டும். பென்சிலால்தான் எழுத வேண்டும். நேர்முகம் முடிந்து வந்தவர் வெளியே போன பிறகு, குழுவில் ஆக இளையவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். தலைவர் முதலில் சொன்னால் மற்றவர்கள் ஆமாம் சாமி போட்டுவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

எல்லாவற்றிலும் மேலாக ஒன்று. ‘எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது’, ‘ஏதோ சரியாகப் படவில்லை’ என்று யாராவது தொடங்கினால் கிளென் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். “நீங்கள் காதால் என்ன கேட்டீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள்,” என்பார். முதல் வருடம் எனக்கு இது பெரிய எரிச்சலாக இருந்தது. என்னைப்போல வாய் ஓயாத ஒருத்திக்கு அது தண்டனை மாதிரி. போகப்போகத்தான் பழகியது.

ஒலெக் வந்தது இந்தப் பின்னணியில்தான். உக்ரைனில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பம்பு நிலையங்களுக்குப் பொறுப்பான ஒரு பொறியியலாளர் இடம் காலியாக இருந்தது. இருப்பது ஒரே ஓர் இடம். வந்த விண்ணப்பங்களில் இரண்டு பேரை நேர்முகத்துக்கு எடுத்தோம். ஒருவர் இங்கேயே படித்த உள்ளூர்க்காரர். மற்றவர் ஒலெக். ரஷ்யாவின் உரால் மலைப் பக்கத்தில் ஒரு நகரத் தண்ணீர் நிலையத்தில் பொறியியலாளராக இருந்தவர், இப்போது வெரிபீக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்.

மேலிடத்து அம்மணி ஒருவர் கிளெனைக் கூப்பிட்டு, “ரஷ்யன். குடிதண்ணீர். இந்த நேரத்தில். கொஞ்சம் யோசியுங்கள்,” என்றாராம். கிளென் சொன்ன பதிலை அவரே எங்களிடம் சொன்னார்: “பாதுகாப்புச் சோதனைக்கு ஒரு பிரிவு இருக்கிறது. அவர்கள் சோதித்துச் சரி என்றால் சரி. எங்களுடைய வேலை பம்பு.” வீட்டிலும் இதே கதைதான். “இப்ப ரஷ்யாக்காரனுக்கு வக்காலத்து வாங்கப் போறீரோ?” என்று என் கணவர் கேட்டார். “இன்னும் ஆளைக் காணவே இல்லை, சும்மா இருங்கோ,” என்றேன்.

ஆள் வந்தார். நாற்பதைத் தாண்டியவர். சாம்பல் நிறக் கோட். முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. கிளென் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, வழக்கமான முதல் கேள்வியைக் கேட்டார்: “வந்த பயணம் எப்படி இருந்தது?” இதற்குப் புள்ளி கிடையாது. நாக்கு இளகுவதற்காகக் கேட்பது. எல்லோரும் ‘ரயில் பிந்திவிட்டது’, ‘ரோட்டில் ஒரே நெரிசல்’ என்று ஏதாவது சொல்வார்கள்.

ஒலெக் யோசித்தார். பிறகு தொடங்கினார். யுத்தத்துக்கு வரச் சொல்லி அழைப்பாணை வந்ததும் மனைவியையும் மகளையும் காரில் ஏற்றிக்கொண்டு கஜகஸ்தான் எல்லைக்கு ஓடியது. அங்கே முன்பின் தெரியாதவர்கள் சாப்பாடு கொடுத்தது. அங்கிருந்து ஜார்ஜியா, அங்கே ரஷ்யர்களுக்கு வீடு இல்லை என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தது. “அவர்களுக்கு உரிமை இருக்கிறது,” என்றார். அதன் பிறகு மனைவிக்கு இங்கே தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்து, அவளுடைய விசாவில் ஒட்டிக்கொண்டு சிட்னிக்கு வந்தது. பிளாக்டவுனில் ஒரு தமிழ் வீட்டின் பின்பக்கத்து ஒற்றை அறையில் குடியிருந்தது. சிட்னியில் பல காலமாக இருக்கும் ரஷ்யர்களைத் தேடிப் போனபோது, ஒரு கிழவி போர்ஷ் சூப் கொடுத்தது, இன்னொரு கிழவர் தாய்நாட்டை விட்டு ஓடிவந்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டது. சூப் கொடுத்த கிழவியும் கேட்ட கிழவரும் கணவன் மனைவி.

ரிஸ்னாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கிளென் மட்டும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சிட்னியில் வாடகை முடியவில்லை. மெல்பேர்ண் வந்தோம். மனைவியின் படிப்பு இந்த வருடம் முடிகிறது. விசாவும் முடிகிறது. ஒரு நிறுவனம் பொறுப்பெடுத்தால் இருக்கலாம். இல்லாவிட்டால் திரும்ப வேண்டும்,” என்றார். பிறகு, கேட்காமலே சேர்த்துச் சொன்னார்: “திரும்பினால் எனக்குச் சிறை. அல்லது யுத்தம்.” கடைசியாக, “இன்று ரயிலில் வந்தேன். ரயில் நன்றாக இருந்தது,” என்று முடித்தார்.

அழைப்பாணை, எல்லை, யாரோ கொடுத்த சாப்பாடு. இதெல்லாம் எனக்குத் தெரியாத சங்கதிகள் இல்லை. இந்த மனுசனுக்கு இந்த வேலை கிடைத்தாக வேண்டும் என்று அந்தக் கணமே மனதுக்குள் முடிவெடுத்துவிட்டேன். கிளெனுக்குத் தெரிந்தால் பென்சிலை என்மேல் எறிந்திருப்பார்.

தொழில்நுட்பக் கேள்விகளுக்கு நல்ல பதில் சொன்னார். உள்ளூர்க்காரரும் அதேயளவு நன்றாகத்தான் சொன்னார். பிறகு வந்தது அந்தப் பாழாய்ப்போன கேள்வி. கூட வேலை செய்தவர் ஒருவரோடு ஏற்பட்ட முரண்பாட்டையும், அதை எப்படித் தீர்த்தீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இதற்கு எல்லோரும் ஒரு கதை தயாராக வைத்திருப்பார்கள். உள்ளூர்க்காரர் சொன்ன கதை தேனாக இருந்தது. முடிவில் இரண்டு பேரும் சேர்ந்து கோப்பி குடிக்கப் போனார்கள்.

ஒலெக் சொன்னார்: “கெனாதி பாவ்லவிச். என்னுடைய தலைமைப் பொறியியலாளர். யுத்தம் சரி என்றார். நான் பிழை என்றேன். எல்லோர் முன்னாலும் என்னைத் துரோகி என்றார். நானும் ஒரு சொல் சொன்னேன். அதை இங்கே சொல்ல முடியாது.”

“எப்படித் தீர்த்தீர்கள்?” என்றார் கிளென்.

“தீரவில்லை.”

“பலன்?” அதுவும் எங்கள் கேள்வித்தாளில் உள்ளதுதான்.

“அவர் அங்கே. நான் இங்கே.”

எங்கள் தாளில் முரண்பாட்டைத் தீர்த்ததற்குத்தான் புள்ளி. தீராததற்கு ஒன்றும் இல்லை. நான் பென்சிலை உருட்டிக்கொண்டு இருந்தேன். கடைசியாக, அவரைப் பற்றி விசாரிக்க அவர் கொடுத்த பெயரைப் பார்த்து உறுதிப்படுத்த வேண்டும். நேரடி மேலதிகாரி ஒருவர் கட்டாயம் வேண்டும் என்பது விதி. ரிஸ்னா பெயரை வாசித்தாள். வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பி, தமிழில் முணுமுணுத்தாள்: “அல்லாவே! அக்கா, அதே ஆள். இந்த மனுசனுக்கு விசர் கிசர் புடிச்சிரிக்கா?”

கெனாதி பாவ்லவிச். அதே துரோகிப் பட்டம் கொடுத்தவர்.

கிளென் ஒரே குரலில் கேட்டார்: “இவரைத்தான் கேட்க வேண்டுமா? எங்களோடு பேசுவதால் அவருக்கு அங்கே ஆபத்து வருமா?”

“கேட்டு எழுதினேன். வெள்ளிக்கிழமை கராஜிலிருந்து பேசுகிறேன் என்றார். வேலையிடத்திலிருந்து இல்லை.”

நேர்முகம் முடிந்தது. தண்ணீர்ப் போத்தலை எடுக்கிற சாட்டில் நான் பின்னாலேயே ஓடினேன். விதிக்கு அது சரியா என்றால், சரியில்லை. கார் நிறுத்துமிடத்தில் பிடித்துவிட்டேன்.

“தம்பி, வேறு ஒருவரின் பெயரைக் கொடுங்கள். இன்னும் நேரம் இருக்கிறது. உங்களுக்கு அங்கே வேறு மேலதிகாரி இருக்கவில்லையா?” ஆங்கிலத்தில் தம்பிக்குச் சொல் இல்லை, ஆனால் என் குரலில் அது இருந்திருக்கும்.

“இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேரும் நண்பர்கள்.”

“அதுதானே நல்லது!”

“நண்பர்கள் நல்லதுதான் சொல்வார்கள்,” என்றார், ஒரு குழந்தைக்கு விளக்குவதுபோல. “அதை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? கெனாதி பாவ்லவிச்சுக்கு என்னைப் பிடிக்காது. ஆனால் என் வேலையை அவருக்குத்தான் தெரியும்.”

“அவர் ஒரு சொல் பிழையாகச் சொன்னால் உங்கள் குடும்பம் நடுத்தெருவில்!”

“வேலையைப் பற்றி அவர் பொய் சொல்ல மாட்டார்,” என்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கைகொடுத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், போற வழியில் தடுக்கி விழுந்தாவது புத்தி வரட்டும் என்று திட்டிக்கொண்டுதான் திரும்பி வந்தேன்.

புள்ளிகளைக் கூட்டினோம். உள்ளூர்க்காரர் கொஞ்சம் முன்னால். அவ்வளவு நெருக்கமாக இருந்தால் விசாரணைதான் தீர்மானிக்கும் என்பது கிளெனின் ஒழுங்கு. உள்ளூர்க்காரருடைய பழைய மனேஜரிடம் பேசினோம். நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை, எல்லாவற்றிலும் நல்ல பிள்ளை. கிளென் அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று பேரும் ஸ்பீக்கரைச் சுற்றி இருந்தோம். அங்கே முற்பகல். மறுமுனையில் ஒரு நாய் குரைத்தது, தகரக் கதவு ஒன்று இழுபட்டு மூடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கரகரத்த குரல்.

“குட் மார்னிங். மேடம், யுவர் குட் நேம் ப்ளீஸ்?”

ரிஸ்னாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உரால் மலையிலிருந்து வந்த குரல், பேசிய ஆங்கிலமோ அசல் எங்கள் பக்கத்து ஆங்கிலம்! இளமையில் விசாகப்பட்டினத்தில் ஓர் உருக்காலை கட்டும் வேலைக்குப் போயிருந்தாராம். ஆங்கிலம் அங்கே பிடித்தது. கிளெனுக்குப் பாதி விளங்கவில்லை. அவர் சொன்ன ஆங்கிலத்தை நான் கிளெனுக்கு ஆங்கிலத்திலேயே திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. என் வேலைக் காலத்தில் செய்த ஒரே மொழிபெயர்ப்பு அதுதான்.

“நீங்கள் ஆந்திராவா, மேடம்?”

“இல்லை, இலங்கை. யாழ்ப்பாணம்.”

“அங்கேயும் யுத்தம் இருந்ததே.”

“இருந்தது.”

“சரி. கேளுங்கள்,” என்றார்.

கிளென் முதல் கேள்வியைக் கேட்டார்: ஒலெக்கை எந்த வகையில் தெரியும்?

“ஒலெக் ஒரு துரோகி. முதலில் அதை எழுதுங்கள்.”

“இது எங்கள் கேள்வி இல்லை, சேர்.”

“பரவாயில்லை. எழுதுங்கள்.”

கிளென் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, அந்தச் சொல்லை எழுதினார். பென்சில் தாளில் உரசுவது எனக்குக் கேட்டது. முடிந்தது கதை என்று நினைத்தேன். ரிஸ்னா கண்ணை மூடிக்கொண்டாள்.

“எழுதிவிட்டேன்,” என்றார் கிளென். “அடுத்தது, அவருடைய வேலையின் தரம்.”

குரல் மாறியது. அவர் இப்போது நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். ஒரு கடும் குளிர்காலம். நகரத்தின் பிரதான பம்பு நிலையத்தில் மின்சாரம் போய், குழாய்களில் தண்ணீர் அமுக்கம் இறங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் குழாய் உறைந்துவிடும் நிலை. மேலிடத்துக்குத் தெரிந்தால் தலை போகும் என்பதால், அமுக்கம் சரியாக இருப்பதாகப் பதியும்படி ஒலெக்குக்குக் கட்டளை போனது. ஒலெக் மறுத்துவிட்டார். உள்ளதை உள்ளபடி மேலிடத்துக்கு அறிவித்து, ஆஸ்பத்திரியைத் தயார்ப்படுத்தச் சொல்லிவிட்டு, பழைய டீசல் பம்பு ஒன்றைத் தானே பிரித்துப் பூட்டி ஓட வைத்து, மின்சாரம் வரும்வரை அதன் பக்கத்தைவிட்டு அசையவில்லை.

“யார் அந்தக் கட்டளையைக் கொடுத்தது?” என்று கேட்டேன். அது தாளில் இல்லாத கேள்வி.

“நான்தான் கொடுத்தேன், மேடம்.”

நாய் மறுபடி குரைத்தது. அவர் ரஷ்ய மொழியில் அதை அதட்டினார்.

நம்பகம், பாதுகாப்பு, ஆட்களோடு பழகும் விதம். கிளென் ஒவ்வொன்றாகக் கேட்டார். “பழகத் தெரியாது. சிரிக்கத் தெரியாது. மேலதிகாரிக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வான். அவன் வேலையில் நின்றால் நான் வீட்டுக்குப் போய்த் தூங்குவேன்,” என்று பதில் வந்தது. கடைசிக் கேள்வி எல்லோரிடமும் கேட்பது: இவரை மறுபடியும் வேலைக்கு எடுப்பீர்களா?

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று ரிஸ்னா குனிந்து பார்த்தாள்.

“என்னுடைய மகன் யுத்த முன்னரங்கில் இருக்கிறான்,” என்றார் கெனாதி பாவ்லவிச். “இவன் காரில் ஏறிப் போய்விட்டான். இனி நான் சாகும்வரை இவனோடு ஒரு மேசையில் இருக்க மாட்டேன். நீங்கள் மேசையைப் பற்றிக் கேட்கிறீர்களா, பம்பைப் பற்றிக் கேட்கிறீர்களா?”

இதை நான் திருப்பிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. கிளெனுக்கே விளங்கிவிட்டது. “பம்பைப் பற்றி, சேர்,” என்றார்.

“அப்படியென்றால் நாளைக்கே எடுப்பேன். நாளைக் காலையிலேயே. ஆனால் அவன் இங்கே வர முடியாது. வந்தால் அவனைப் பிடித்துக்கொண்டு போவார்கள். ஆகவே நீங்கள் எடுங்கள். ஃபோர்க்லிஃப்டில் விடாதீர்கள், அது வெட்கக்கேடு.” மூச்சு வாங்கினார். “நான் இவ்வளவும் சொன்னேன் என்று அவனிடம் சொல்லக் கூடாது. துரோகி என்று சொன்னதை மட்டும் சொல்லலாம். அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.”

தகரக் கதவு திறக்கும் சத்தத்தோடு தொடர்பு நின்றது. நான் அழுதுகொண்டிருந்தேன். யாருக்காக என்று கேட்டால் தெரியாது. ஒலெக்குக்கா, முன்னரங்கில் இருந்த அந்த மகனுக்கா, கராஜுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நின்ற அந்த மனுசனுக்கா. கிளென் எனக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தார். பிறகு வழக்கம்போல இளையவள் பக்கம் திரும்பினார்.

“ரிஸ்னா, காதால் என்ன கேட்டீர்கள்?”

“அவர் பொய் எழுத மாட்டார் என்று கேட்டேன்,” என்றாள் ரிஸ்னா. “அவரைப் பிடிக்காத ஒருவரின் வாயிலிருந்து கேட்டேன்.”

குடிதண்ணீர் வேலையில் இதற்குமேல் என்ன வேண்டும் என்று நான் சொன்னேன். கிளென் எங்கள் இருவரின் புள்ளிகளையும் எழுதி, கடைசியாகத் தன்னுடையதை எழுதினார். மூன்றும் ஒன்றாக இருந்தன. பாதுகாப்புப் பிரிவு தன் சோதனைக்கு நீண்ட காலம் எடுத்தது. நான் நாளுக்கொரு தடவை போய் அவர்களுடைய உயிரை எடுத்தேன். கடைசியில் சரி என்று வந்தது. விசாவுக்கு நிறுவனம் பொறுப்பெடுத்தது.

ஒலெக் வேலைக்கு வந்த முதல் காலை, நிலையத்தைச் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. தேநீர் அறையில் ஒருவன் ‘ஒற்றன் வந்திட்டான், குழாயைப் பூட்டுங்கோ’ என்று பகிடி விட்டான். ஒலெக் அவனிடம் நேரே போய், எந்தக் குழாய் என்று கேட்டார். அவன் சிரித்துவிட்டு ஒரு கோப்பை தேநீர் ஊற்றிக் கொடுத்தான். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் அப்படித்தான்.

பம்புக் கூடத்தில் நாங்கள் இருவரும் தனியாக நின்றபோது அவர் கேட்டார்: “கெனாதி பாவ்லவிச் என்ன சொன்னார்?”

“அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னார்.”

“என்ன?”

கட்டாயம் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார், சொல்லத்தான் வேண்டும். “நீங்கள் ஒரு துரோகி என்று சொன்னார்.”

ஒலெக் தலையை ஆட்டினார். ஓடிக்கொண்டிருந்த பம்பின் மேல் கையை வைத்தார். பிறகுதான் அந்த மனிதருடைய சிரிப்பை முதல் தடவையாகப் பார்த்தேன். கண் நிறையத் தண்ணீரோடு சிரித்தார்.

“அதை மட்டும் சொல்லியிருந்தால்,” என்றார், “நான் இன்றைக்கு இங்கே நிற்க மாட்டேனே.”